வீட்டு லெப்டொப்பிலிருந்து மூன்று விநெட்டுக்கு ஒரே விபிஎன்: முதல் தடவை கட்டுபவர்களுக்கு

ஹட்டன் டவுனில் சின்ன ஒபிஸ் எங்களுடையது. எட்டுப் பேரில் மூன்று பேர்தான் தினமும் வருகிறோம், மற்றவர்கள் பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று அவரவர் வீட்டிலிருந்து வேலை. சேர்வர்கள் எல்லாம் மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. கணக்கு ஒரு விர்ச்சுவல் நெட்வேர்க்கில் (சுருக்கமாக விநெட்), தோட்டங்களிலிருந்து வரும் கொழுந்து நிறுவைப் பதிவு இன்னொன்றில், புதிதாக எதையாவது போட்டுப் பார்க்க மூன்றாவது ஒன்று. இந்த மூன்றுக்கும் வீட்டிலிருக்கிறவர்கள் பத்திரமாக வந்து போக வேண்டும், ஆளுக்கு மூன்று விபிஎன் (இணையத்துக்குள்ளே பூட்டிய தனி வழி) போட்டு மாற்றி மாற்றி அமத்திக்கொண்டிருக்க முடியாது. இதை நான் இரண்டு தடவை கட்டினேன். முதல் தடவை கட்டியது பிழையாகிப் போனது, அந்தக் கதையும் கீழே வரும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். "எதுக்கு இவ்வளவு வேலை, சேர்வருக்கு ஒரு பப்ளிக் ஐபி குடுத்து ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறந்துவிட்டால் போதாதா" என்று யாராவது கேட்பார்கள். 3389 என்ற அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே யாரோ எங்கிருந்தோ பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், லொகைத் திறந்து பார்த்தால் தெரியும். அந்த வழி வேண்டாம்.

நாம் கட்டப்போவது இதுதான். நடுவில் ஒரு விநெட், அதை ஹப் என்கிறார்கள். விபிஎன் கேட்வே, அதாவது வெளியிலிருந்து வருகிறவர்கள் நுழையும் வாசல், அதில்தான் இருக்கும். கணக்கு, நிறுவை, டெஸ்ட் மூன்றும் ஸ்போக்குகள், ஒவ்வொன்றும் ஹப்போடு பியரிங் என்ற நேரடி இணைப்பின் மூலம் இணைந்திருக்கும். வீட்டு லெப்டொப் ஹப்புக்கு மட்டும் விபிஎன் போடும், அங்கிருந்து மூன்றுக்கும் வழி. மஸ்கெலியாவிலிருந்து தலவாக்கலைக்குப் போகிறவர் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறுவது போல. ஆனால் ஒரு விஷயம்: மஸ்கெலியா–ஹட்டன் டிக்கெட்டைக் காட்டி தலவாக்கலை பஸ்ஸில் உட்கார முடியாது, பியரிங்கும் அப்படித்தான். ஏ-யும் ஹப்பும் இணைந்திருக்கிறது, ஹப்பும் பி-யும் இணைந்திருக்கிறது என்பதால் ஏ-யிலிருந்து பி-க்குத் தானாக வழி வராது. லெப்டொப்புக்கு ஹப்பைத் தாண்டிப் போக அனுமதி வேண்டும், அந்த அனுமதியைத் தரும் இரண்டு டிக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பாதிப்பேர் விழுகிற குழி அதுதான்.

முதலில் காகிதம்

அஷூரின் நிர்வாகப் பக்கமான போர்ட்டலை இப்போதே திறக்க வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்து எந்த நெட்வேர்க்குக்கு எந்த ஐபி எண்கள் என்று எழுதுங்கள். நான் இப்போது வைத்திருப்பது (சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் அளவு, அது சின்னதானால் தொகுதி பெரிது):

ஹப்: 10.50.0.0/16
கணக்கு: 10.51.0.0/16
நிறுவை: 10.52.0.0/16
டெஸ்ட்: 10.53.0.0/16
விபிஎன்னில் வருகிறவர்களின் லெப்டொப்புகளுக்கு: 172.20.50.0/24

ஒன்றோடொன்று மோதக் கூடாது. இரண்டு விநெட்டின் எண்கள் மோதினால் அஷூர் பியரிங் போடவே விடாது, அதனால் அது பெரிய ஆபத்தில்லை, உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கடிப்பது வீட்டு ரவுட்டரோடு மோதுவது.

என் முதல் கதை அதுதான். பழகிய எண் என்று கணக்கு நெட்வேர்க்குக்கு 192.168.1.0/24 கொடுத்திருந்தேன், சேர்வர் 192.168.1.10. என் வீட்டிலிருந்து அருமையாக வேலை செய்தது. திங்கட்கிழமை காலை பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி கோல் எடுத்தாள். "அண்ணே, கனெக்டட்னு பச்சையாத்தான் காட்டுது, ஆனா கணக்கு பக்கத்தத் திறந்தா வேற என்னமோ கமெரா லொகின் வருது." ஸ்கிரீன்ஷொட் அனுப்பச் சொல்லிப் பார்த்தால், அவர்கள் வீட்டு வாசலில் மாட்டியிருக்கிற சிசிடிவி பெட்டியின் லொகின் பக்கம். அதுவும் 192.168.1.10! லெப்டொப்பைப் பொறுத்தவரை 192.168.1 என்று தொடங்குகிற எல்லாமே பக்கத்து அறையில் இருக்கிறது, அதற்காக ஏன் விபிஎன் டனலுக்குள் போக வேண்டும்? விபிஎன்மேல் ஒரு பிழையும் இல்லை, அந்தப் பக்கெட் (அனுப்பிய தரவுத் துண்டு) டனல் பக்கமே வரவில்லை. என் வீட்டு ரவுட்டர் 192.168.8 என்று கொடுக்கிற 4ஜி ரவுட்டர் என்பதால்தான் எனக்கு மட்டும் சரியாக வந்திருக்கிறது.

அதனால் 192.168 என்று தொடங்குகிற எதையும் விநெட்டுக்குக் கொடுக்க வேண்டாம். 172.17-ஐயும் விட்டுவிடுங்கள், லெப்டொப்பில் டொக்கர் போட்டிருப்பவர்களுக்கு அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் எண். 10.0.0.0, 10.1.0.0 என்று எல்லோரும் எடுக்கிற முதல் எண்களைத் தவிர்த்து நடுவில் எங்காவது எடுங்கள். சேர்வர் உட்கார்ந்திருக்கிற சப்நெட்டின் (விநெட்டுக்குள் பிரித்த ஒரு பகுதி) எண்ணைப் பிறகு மாற்றுவது சும்மா இல்லை, புதிது கட்டி சேர்வரை நகர்த்த வேண்டி வந்து எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

கேட்வே

ஹப் விநெட்டுக்குள் கேட்வேசப்நெட் என்ற பெயரில் ஒரு சப்நெட் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லையும் சேர்த்து, நடுவில் இடைவெளி இல்லாமல் எழுதுவது, பெயர் அப்படியே இருக்க வேண்டும், வேறு பெயர் வைத்தால் கேட்வே அதற்குள் போகாது. போர்ட்டலில் சப்நெட் சேர்க்கும்போது அதன் நோக்கம் விர்ச்சுவல் நெட்வேர்க் கேட்வே என்று தெரிவு செய்தால் பெயரை அதுவே போட்டுவிடும். அளவு /27 போதும். நான் 10.50.255.0/27 கொடுத்தேன். இந்தச் சப்நெட்டில் என்எஸ்ஜி, அதாவது எதை உள்ளே விடுவது என்ற விதிப் பட்டியல், மாட்ட வேண்டாம், வேறு சேர்வரும் வைக்க வேண்டாம்.

அப்புறம் விர்ச்சுவல் நெட்வேர்க் கேட்வே ஒன்றை உருவாக்குங்கள், வகை விபிஎன், ரூட் பேஸ்ட். விலையைப் பார்த்து பேசிக் என்ற மலிவானதில் கை போகும். வேண்டாம், அதில் நமக்கு வேண்டிய டனல் வகைகளான ஓபன்விபிஎன்னும் இல்லை, ஐகேஈவி2-வும் இல்லை. அதற்கு அடுத்த விபிஎன்ஜிடபிள்யூ1ஏஇசட் வகையே எங்களைப் போன்றவர்களுக்குத் தாராளம், ஒரே நேரத்தில் 250 பேர் வரை வரலாம். உருவாக்கு என்று அமத்திவிட்டு டீ குடிக்கப் போங்கள், 45 நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கும். இன்னொன்று, கேட்வேக்கு மணிக்கணக்கில் காசு ஓடும், யாரும் கனெக்ட் பண்ணாத போயா நாளிலும் ஓடும். சேர்வரைப் போல இதை நிறுத்தி வைக்க முடியாது, அழிக்கத்தான் முடியும். பழகிப் பார்க்கக் கட்டுபவர்கள் அன்றைக்கே அழித்துவிடுங்கள், மாதக் கடைசியில் டொலரில் வரும் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டாம்.

அஷூருக்கு இலங்கையில் ரீஜன் (டேட்டா சென்டர் உள்ள இடம்) கிடையாது. பக்கத்தில் இருப்பது சென்னை, கொஞ்சம் தள்ளி சிங்கப்பூரும் உண்டு. இரண்டுக்கும் உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள், வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது கேபிளில் பக்கத்தில் இருக்கும் என்று நிச்சயமில்லை.

அந்த இரண்டு டிக்

கேட்வே தயாரான பிறகுதான் பியரிங். ஹப்பிலிருந்து கணக்குக்கு ஒன்று, கணக்கிலிருந்து ஹப்புக்கு ஒன்று, அப்படி ஒவ்வொரு ஸ்போக்குக்கும் இரண்டு பக்கமும். போர்ட்டல் இப்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் கேட்கும். இரண்டு பக்கமும் கனெக்டட் என்று வர வேண்டும், ஒரு பக்கம் இனிஷியேட்டட் என்று நின்றால் மற்றப் பக்கம் இன்னும் போடவில்லை என்று அர்த்தம்.

ஹப் பக்கத்தில் "என்னுடைய கேட்வேயை அடுத்தவர் பயன்படுத்தலாம்" என்ற டிக். ஸ்போக் பக்கத்தில் "அங்கேயுள்ள கேட்வேயை நான் பயன்படுத்துகிறேன்" என்ற டிக். போர்ட்டலில் வாசகம் நீளமாக இருக்கும், அடிக்கடி மாற்றியும் விடுவார்கள், கேட்வே என்ற சொல் எந்த வரியில் வருகிறது என்று தேடினால் அகப்படும். ஹப் பக்கம் போட்டுவிட்டு ஸ்போக் பக்கம் மறந்தால் லெப்டொப் ஹப்பை மட்டும் பார்க்கும், ஸ்போக் ஒன்றும் தெரியாது, பிழைச் செய்தியும் வராது. ஸ்போக்குக்குள் ஏற்கெனவே சொந்தக் கேட்வே ஒன்று இருந்தால் இரண்டாவது டிக்கைப் போட விடாது, அதை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

பியரிங் வழியாகப் போகிற டேட்டாவுக்கு இரண்டு பக்கமும் தனியாகக் காசு. சின்னத் தொகைதான், ஆனால் இரவில் பேக்கப்பை இதன் வழியாக ஓட விட்டால் சின்னதாக இருக்காது.

யார் உள்ளே வரலாம்

கேட்வேயில் பொயின்ட் டு சைட் (தனித்தனி லெப்டொப்புகளை இணைப்பது) என்ற பக்கத்துக்குப் போங்கள். அட்ரஸ் பூல் கேட்கும் இடத்தில் கொப்பியில் எழுதிய 172.20.50.0/24. டனல் வகைக்கு ஓபன்விபிஎன். அது டிசிபி 443 வழியாகப் போகிறது, பேங்க் வெப்சைட்டைத் திறக்கிற அதே போர்ட், அதனால் மொபைல் நெட்வேர்க்குகள் பொதுவாக அதை மறிப்பதில்லை. ஐகேஈவி2-க்கு யுடிபி 500, 4500 வேண்டும், சில வைஃபையில் அது அடைபட்டிருக்கும். ஓபன்விபிஎன்னின் குறையையும் சொல்லிவிட வேண்டும்: டிசிபிக்குள் டிசிபி ஓடுவதால் ஜூன், ஜூலை மழையில் சிக்னல் ஆடும்போது தொலைந்த ஒரே பக்கெட்டை உள்ளே இருப்பதும் மறுபடி அனுப்பும், வெளியே இருப்பதும் மறுபடி அனுப்பும், எல்லாம் இழுபட்டு நிற்கும். அப்படியிருந்தும் நான் அதைத்தான் எடுப்பேன். மெதுவாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், "இந்த வீட்டில் மட்டும் கனெக்ட் ஆகாது" என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

உள்நுழைவுக்கு இரண்டு வழி. சான்றிதழ் ஒன்று, மைக்ரோசொஃப்ட் என்ட்ரா ஐடி இன்னொன்று. ஒபிஸ் மெயிலுக்கு ஏற்கெனவே மைக்ரோசொஃப்ட் கணக்கு இருக்கிறவர்கள் யோசிக்காமல் என்ட்ராவை எடுங்கள், அதே கணக்கு, அதே பாஸ்வேர்ட், அதோடு போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு. ஆள் விலகினால் கணக்கை மூடினால் அவர் புதிதாக உள்நுழைய முடியாது. இந்த விபிஎன்னுக்கு மட்டும் இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டுமென்றால் கண்டிஷனல் அக்சஸ் வேண்டும், அதற்கு என்ட்ராவின் பி1 லைசன்ஸ் வாங்க வேண்டும்.

என்ட்ராவை நிரப்பும்போது டெனன்ட், ஓடியன்ஸ், இஷூவர் என்று மூன்று பெட்டி வரும். இஷூவர் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு உண்டு, அதை விடக் கூடாது. கொப்பி பண்ணும்போது அது விடுபட்டு ஒரு பின்னேரம் முழுக்க நான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் வழி என்றால் மூலச் சான்றிதழின் பொதுப் பகுதியை மட்டும் அஷூரில் ஏற்ற வேண்டும், அதன் இரகசியச் சாவி எந்த லெப்டொப்புக்கும் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு சான்றிதழ் தனித்தனியாக. எல்லோருக்கும் ஒன்றைக் கொடுத்தால் ஒருத்தரின் லெப்டொப் பஸ்ஸில் தொலைந்த அன்று எட்டுப் பேருக்கும் மாற்ற வேண்டி வரும்.

லெப்டொப் பக்கம்

கேட்வே பக்கத்திலிருந்து கிளையன்ட் புரொபைலை டவுன்லோட் செய்தால் ஒரு சிப் பைல் வரும். அதில் அஷூர்விபிஎன் என்ற போல்டருக்குள் ஒரு எக்ஸ்எம்எல் பைல். லெப்டொப்பில் அஷூர் விபிஎன் கிளையன்ட்டைப் போட்டு, அந்தப் பைலை இம்போர்ட் செய்து, கனெக்ட். அவ்வளவுதான். பைலை வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் ஒவ்வொருவருக்கும் ஒபிஸ் மெயிலில் அனுப்புங்கள்.

இந்த அமைப்பில் மூன்று விநெட்டுக்கும் போகிறது மட்டும்தான் டனலுக்குள் போகும், யூடியூபும் மற்றதும் வீட்டு இணைப்பிலேயே நேராகப் போகும். மாத டேட்டா பெக்கேஜை எண்ணி எண்ணிப் பாவிக்கிறவர்கள் "விபிஎன் போட்டால் டேட்டா இரண்டு மடங்கு போகுமா" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லலாம்.

பிறகொரு நாள் நான்காவது ஸ்போக் ஒன்றைச் சேர்த்தால் பழைய கனெக்ஷனில் அதற்கான வழி இருக்காது. விண்டோஸிலேயே உள்ள விபிஎன்னைப் பாவித்தால் கிளையன்ட் பெக்கேஜை மறுபடி டவுன்லோட் செய்து போட வேண்டும். அஷூர் கிளையன்ட் என்றால் முதலில் துண்டித்து மறுபடி கனெக்ட் பண்ணிப் பாருங்கள், அப்படியும் வழி தெரியாவிட்டால் புரொபைலைப் புதிதாக இம்போர்ட் செய்யுங்கள்.

உள்ளே வந்தவர் எங்கே போகலாம்

இந்த இடத்தில்தான் பலர் முடிந்தது என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். என்எஸ்ஜியில் 65000 என்ற எண்ணோடு ஒரு விதி தானாகவே இருக்கும், விர்ச்சுவல் நெட்வேர்க்கிலிருந்து வருகிற எல்லாவற்றையும் உள்ளே விடு என்று. பியரிங்கில் இணைந்தவையும் கேட்வே வழியாக வருபவையும் அந்தக் கணக்கில் சேரும். அதாவது வைரஸ் பிடித்த ஒரு வீட்டு லெப்டொப் கனெக்ட் ஆனால் மூன்று நெட்வேர்க்கின் எல்லாப் போர்ட்டும் அதன் முன்னால் திறந்து கிடக்கும்.

ஒவ்வொரு ஸ்போக்கின் சப்நெட்டிலும் ஒரு என்எஸ்ஜி மாட்டி, 172.20.50.0/24-இலிருந்து வருவதற்கு வேண்டிய போர்ட்டை மட்டும் திறங்கள். கணக்கில் எங்களுக்கு 443 மட்டும் போதும், பக்கமாகத்தான் திறக்கிறார்கள். டேட்டாபேசின் 1433-ஐ என் லெப்டொப்புக்குக்கூடத் திறக்கவில்லை, தேவைப்படும்போது திறந்து மூடுகிறேன். திறக்கும் விதிக்கு 100, 110 என்று சின்ன எண், கடைசியாக அதே 172.20.50.0/24-இலிருந்து வரும் மற்ற எல்லாவற்றையும் மறு என்று 4096-இல் ஒன்று. சின்ன எண் முதலில் பார்க்கப்படும்.

"நிறுவை பார்க்கிற பிள்ளை கணக்குக்குள் போகக் கூடாது" என்று மேலே இருப்பவர் கேட்டால் இந்த என்எஸ்ஜியால் அதைச் செய்ய முடியாது, எல்லோரும் ஒரே பூலிலிருந்து எண் எடுப்பதால் எந்த எண் யாருடையது என்று அதற்குத் தெரியாது. ஆளுக்கேற்ற பூல் வேண்டுமென்றால் விர்ச்சுவல் வான் என்ற பெரிய அமைப்பில் குழு பிரித்துக் கொடுக்கலாம். எட்டுப் பேருக்கு அது யானைக்குப் போடுகிற சங்கிலியை ஆட்டுக்குட்டிக்குப் போடுகிற மாதிரி. நாங்கள் கணக்கு மென்பொருளின் சொந்த லொகினிலேயே அதைத் தடுத்துக்கொண்டோம்.

பெயர் தெரியாத பிரச்சினை

ஐபி போட்டால் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை. அஷூருக்குள் இருக்கிற சேர்வர்கள் 168.63.129.16 என்ற எண்ணிடம் பெயர் கேட்டுக்கொள்ளும், வீட்டு லெப்டொப்புக்கு அந்த எண்ணை எட்ட முடியாது. டிஎன்எஸ் பிரைவேட் ரிசோல்வர் என்ற ஒன்றை ஹப்பில் வைக்கலாம், அதற்கென்றே தனியாக ஒரு /28 சப்நெட் வேண்டும், அதன் எண்ணை ஹப் விநெட்டின் டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துவிட்டு புரொபைலைப் புதுப்பித்தால் லெப்டொப்புகளும் அங்கேயே கேட்கும். இரண்டு மூன்று சேர்வர்தான் என்றால் லெப்டொப்பின் ஹோஸ்ட்ஸ் பைலில் பெயரையும் ஐபியையும் எழுதிவிட்டுப் போங்கள். அழகில்லை, ஆனால் ஓடும்.

சோதிக்கும் ஒழுங்கு

பச்சை விளக்கை நம்ப வேண்டாம். கேட்வே வரை வந்துவிட்டோம் என்பதைத்தான் அது சொல்கிறது. பொகவந்தலாவைத் தங்கச்சிக்கும் பச்சைதான் எரிந்தது.

கனெக்ட் ஆன பிறகு விண்டோஸில் ரூட் பிரிண்ட் கட்டளையை ஓட்டி 10.51, 10.52, 10.53 மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு டிக், அல்லது பழைய புரொபைல். இருக்கிறது, ஆனாலும் சேர்வர் வரவில்லை என்றால் பிங் பண்ணிப் பார்த்துப் பயப்படாதீர்கள், விண்டோஸ் சேர்வரின் பயர்வோல் பிங்கை மறிப்பது வழக்கம். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்குச் சேர்வரின் ஐபியையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள், கடைசி வரியில் ட்ரூ வந்தால் வழி சரி. ஃபோல்ஸ் வந்தால் என்எஸ்ஜி, அதற்கடுத்து சேர்வரின் சொந்தப் பயர்வோல். அதுவும் சரி என்றால் போர்ட்டலில் அந்தச் சேர்வரின் நெட்வேர்க் கார்ட்டுக்குப் போய் எஃபெக்டிவ் ரூட்ஸைப் பாருங்கள், 172.20.50.0/24-க்கு அடுத்த இடம் விர்ச்சுவல் நெட்வேர்க் கேட்வே என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் போகிற வழி இருக்கிறது, பதில் திரும்பி வருகிற வழி இல்லை. யாரோ ரூட் டேபிள் ஒன்றை மாட்டி கேட்வேயின் வழிகளை ஏற்காதே என்று வைத்திருந்தால் இப்படி ஆகும்.

சோதனையை உங்கள் மேசையிலிருந்து மட்டும் செய்யாதீர்கள். ஒபிஸ் வைஃபையை விட்டுவிட்டு போனின் ஹொட்ஸ்பொட்டில் ஒரு தடவை, இன்னொருவர் வீட்டிலிருந்து ஒரு தடவை. வீட்டிலிருந்து பார்க்கிறவரிடம் ரவுட்டர் என்ன எண் கொடுத்திருக்கிறது என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். என் கொப்பியில் ஐந்து வீட்டின் எண்களும் இருக்கின்றன, புது விநெட் போடும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எண் எடுக்கிறேன்.

யாராவது வேலையை விட்டுப் போனால் கணக்கை மூடுவதோடு நிற்காமல், கேட்வேயின் பொயின்ட் டு சைட் செஷன்ஸ் பக்கத்தில் அவருடைய கனெக்ஷன் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்துத் துண்டிக்க வேண்டும், ஏற்கெனவே திறந்திருக்கிற டனல் கணக்கை மூடிய நிமிடமே அறுந்துவிடாது. சான்றிதழ் வழியில் இருப்பவர்கள் அந்த ஆளின் சான்றிதழுடைய தம்ப்பிரிண்ட் எண்ணை ரத்துப் பட்டியலில் போட வேண்டும். அந்த எண்ணை ஆள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், லெப்டொப்பைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு தேடினால் அகப்படாது.